பூவாடைக்காரிக்கு ஒரு புடவை

தை 18, வியாழன்

இன்று கோயிலில் இருந்தவர்கள்: பட்டு வேட்டி கட்டிக்கொண்டு என் மாப்பிள்ளை ஏழுமலை. அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட கஸ்தூரி. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன முதல் புருஷனுக்குப் பிறந்த பிள்ளை சஞ்சனா, ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. கஸ்தூரியின் அண்ணன் வேலு, யாரிடமும் பேசாமல் பந்தியில் மட்டும் இரண்டு தரம் உட்கார்ந்தவர். மாப்பிள்ளையின் அக்கா பவுனம்மாள், பேசாமல் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. மாப்பிள்ளையின் மோட்டார் ரிப்பேர் கடையில் கம்பி சுற்றும் ஜமால் பாய். ஐயர். மணி அடித்த ஆள், பெயர் கேட்டேன், சொல்லவில்லை. என் மகள் இந்திராணி விட்டுவிட்டுப் போன யாமினி, பதினோரு வயது. அப்புறம் நான், பட்டம்மாள், இந்திராணியைப் பெற்றவள்.

ஓசூரிலிருந்து என் மகன் தசரதன் வரவில்லை. லீவு இல்லையாம். மாமனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லீவு இருந்தது. அதுவும் என் மனசில் இருக்கிறது.

ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பிற்பாடு, நான் அன்றைக்கு வரவே இல்லையே என்பார்கள். ஐந்தாவது வரை படித்த கை, மெதுவாகத்தான் ஓடும்.

இந்திராணிக்கு வருஷத் திதி கொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் மேளம். எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்போம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளுக்குப் புடவை வைத்துப் படைத்து, அவள் உத்தரவு வாங்க வேண்டும். பவுனம்மாள் போன வாரமே வந்து கேட்டாள்.

"படையல் போட்டுடலாம் சம்மந்தியம்மா. அவ மனசு குளுந்தாதான் வர்றவ நல்லா இருப்பா."

"எம்பொண்ணக் கூப்ட்டு, எம்புருசன நீ கட்டிக்கோடின்னு அவ வாயால சொல்ல வெக்கணுமா? முடியாது" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை போட்டார்கள். வீட்டுக்கு வந்து யாமினி கையை விரித்துக் காட்டினாள். அரிசி அப்படியே இருந்தது, வியர்வையில் ஊறிப்போய்.

"போடல ஆயா."

"நல்லது" என்றேன்.

தை 21, ஞாயிறு

யாமினி அவளை என்னவென்று கூப்பிடுவது என்று இன்று பஞ்சாயத்து. "சித்தின்னு கூப்புடு கண்ணு" என்றாள் பவுனம்மாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அம்மாவின் தங்கை என்றால் நான் பெற்றவள். நான் பெற்றது ஒரு பெண், ஒரு பிள்ளை. இந்த இரண்டாவது பெண் எனக்கு எப்போது பிறந்தாள் என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா சம்மந்தியம்மா பண்றது? ஊர் வழக்கம்."

"உங்க ஊர் வழக்கம். எங்க தெள்ளாத்துல கெடயாது."

பால் பூத்துக்காரியை ஆன்ட்டி என்கிறார்கள். டியூஷன் எடுப்பவளை ஆன்ட்டி என்கிறார்கள். இவளும் ஆன்ட்டியாக இருந்துவிட்டுப் போகட்டும். யாமினி சரி என்று தலையாட்டினாள்.

கஸ்தூரி, "பரவால்லம்மா, புள்ளைக்கு எது வாயில வருதோ அது" என்றாள்.

"என்ன அம்மான்னு கூப்புடாத."

"வேற எப்பிடிக் கூப்புடறது?"

"கூப்புடாமயே இரு."

அப்போதிலிருந்து கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்கிறாள், நான் நிமிர்ந்து பார்க்கும் வரை.

அந்தக் குட்டி சஞ்சனா யாரையும் கேட்கவில்லை. வந்த அன்றே என்னை ஆயா என்றது. என் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "எனக்கு ரெண்டுதான் இல்ல. உனக்கு எத்தினி இல்ல ஆயா?" என்றது.

தை 24, புதன்

ரசத்தில் பூண்டு அதிகம். சொன்னேன்.

மாசி 11, வெள்ளி

காலையில் கஸ்தூரி தோசை வார்த்தாள். இந்திராணி படுக்கையில் விழுந்ததிலிருந்து இந்த அடுப்பு என் கையில்தான் இருந்தது. இப்போது நான் வெங்காயம் உரிக்கிறேன்.

யாமினிக்கு தோசையின் நடுவில் மெத்தென்று இருக்கும் பாகம் ஆகாது. ஓரத்து முறுகல்தான் வேண்டும். கஸ்தூரி நடுவை வட்டமாகக் கிள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டு முறுகலை மட்டும் யாமினிக்கு வைத்தாள். இதை இந்திராணிதான் செய்வாள். நான்கூடச் செய்ததில்லை, முழுசாகத் தின்று பழகட்டும் என்று விட்டுவிடுவேன். இவளுக்கு யார் சொன்னது? மாப்பிள்ளைக்குத் தன் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

யாமினி ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மிச்சத்தைக் கஸ்தூரி நின்றுகொண்டே தின்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டு அந்தக் குட்டி "அப்பா" என்று ஓடியது. வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை.

யாமினி பிடித்துக்கொண்டாள். "அது எங்கப்பா. உங்கப்பா செத்துட்டாரு."

"உங்கம்மாவுந்தான் செத்துட்டாங்க."

அப்புறம் சின்னது சொல்லிற்று: "அப்ப எங்கம்மாவ நீ வெச்சிக்கோ. உங்கப்பாவ நான் வெச்சிக்கறன்."

யாமினி அதன் பென்சில் டப்பாவை எடுத்து ஜன்னல் வழியாக வீசினாள். யார் வீசியது என்று மாப்பிள்ளை கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன்.

மாசி 20, ஞாயிறு

மொட்டை மாடியில் வடகம் பிழிந்தோம், நானும் யாமினியும். காக்காய் விரட்டிக்கொண்டே அவளுக்கு அவள் அம்மா கதை சொன்னேன். வளைகாப்புக்குப் பவுனம்மாள் அத்தை கொண்டுவந்த வளையலில் நாலு விரிசல். இந்திராணி நிறைமாதமாக இருந்தபோது உங்கப்பா பஸ் ஸ்டாண்டில் வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தார், அவள் வெயிலில் நடந்து வந்தாள். உங்க மாமி ஓசூரில் எங்களுக்கு நேற்றைய குழம்பைச் சுட வைத்து ஊற்றினாள்.

யாமினி திருத்தினாள். "நாலு இல்ல ஆயா, அஞ்சு வளையல்னு போன தடவ சொன்ன."

ஆமாம், ஐந்துதான். அவள் தன் கணக்கையும் சொன்னாள். கல்யாணத்தில் வேலு மாமா கன்னத்தைக் கிள்ளியது. மாசி பதினொன்று, தோசை. அவள் கூட்டாளி ஒருத்தி நாலாவதில் ஒரு நாள் ரப்பர் தரவில்லை, அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

நான் பெற்றதுக்கு வராத ஞாபகம் பேத்திக்கு வந்திருக்கிறது. இந்திராணி எதையும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். நான் சொல்ல ஆரம்பித்தாலே, "வுடும்மா" என்று எழுந்து போவாள்.

வடகம் நன்றாகக் காய்ந்தது.

பங்குனி 5, திங்கள்

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரச் சொன்னார்களாம். கஸ்தூரி போய் வந்தாள். மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். யாமினி வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, பெஞ்சில் தனியாக உட்காருகிறாள், சாப்பாட்டு வேளையிலும் தனியாகத்தான், போன வருஷம் இப்படி இல்லை என்று டீச்சர் சொன்னார்களாம்.

தனியாக உட்கார்ந்தால் என்ன? படிக்கத்தானே போகிறாள்?

பங்குனி 9, வெள்ளி

பவுனம்மாள் வந்தாள். இரண்டு பேரும் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தோம். கஸ்தூரி கடைக்குப் போயிருந்தாள்.

"என்ன சொல்லுங்க சம்மந்தியம்மா, நல்ல பொண்ணு. ஆஸ்பத்திரியிலயே நம்ம இந்திராணிக்கு எத்தினி ஒத்தாச..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த ஆஸ்பத்திரியில?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினேன்."

"எந்த ஆஸ்பத்திரியில பவுனு?"

"மெட்ராஸ்லதான். கஸ்தூரியோட அம்மா பக்கத்துக் கட்டில்ல இருந்தாங்க. இவதான் கூட இருந்து பாத்துக்கினா."

கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் இங்கே செய்யாற்றில் யாமினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டு, ஆக்கிப் போட்டுக்கொண்டு இருந்தேன். மெட்ராஸுக்கு இரண்டே தரம் போனேன். பிள்ளையை யார் பார்ப்பது என்று மாப்பிள்ளைதான் என்னைத் தடுத்தார். ஏன் தடுத்தார் என்று இப்போது தெரிகிறது. என் பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கையில் பக்கத்துக் கட்டிலில் இவளைப் பார்த்து வைத்திருக்கிறார். தோசை முறுகல் வரை எல்லாம் தெரிந்துகொண்டு தயாராக வந்திருக்கிறாள் இவளும்.

பரீட்சை முடியட்டும். யாமினியைத் தெள்ளாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எனக்கு அங்கே வீடு இருக்கிறது. பள்ளிக்கூடமும் இருக்கிறது. இந்தப் பிள்ளையை நான் வளர்த்துக்கொள்வேன்.

பங்குனி 10, சனி

யாரோடும் பேசவில்லை. ஏன் என்று கஸ்தூரி மட்டும் கேட்டாள்.

பங்குனி 20, செவ்வாய்

அந்தக் குட்டிக்கு அம்மை போட்டிருக்கிறது. காலையில் முதுகில் முத்து முத்தாக இருந்தது. கஸ்தூரிக்குக் கை கால் ஓடவில்லை. யாமினியைப் பவுனம்மாள் வீட்டுக்கு அனுப்பினேன்.

தாளிக்கக் கூடாது, துடைப்பம் சத்தம் கேட்கக் கூடாது, தலை வாரக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாயில் வேப்பிலையை நானே பரப்பினேன். எனக்குச் சின்ன வயசிலேயே போட்டுவிட்டது, பயம் இல்லை.

"சொறிஞ்சி வுடு ஆயா."

"சொறியக் கூடாது. ஆத்தா கோவிச்சிக்குவா. இரு, எலையால தடவறன்."

"ஆத்தா எதுக்கு ஆயா எங்கிட்ட வந்தா?"

"உன் வாயி சும்மா இருக்குதான்னு பாக்க வந்தா."

சிரித்தது. காய்ச்சலோடு சிரித்தது. அப்படியே என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. கால் மரத்துப்போனது, எடுக்கவில்லை.

வாசற்படியில் நின்று கஸ்தூரி அழுதாள். "எங்கம்மா இருந்தா எல்லாம் சொல்லியிருப்பாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலயே" என்றாள். அவள் அம்மாவும் அந்த ஆஸ்பத்திரியிலேயே போனவள்தான் என்று பவுனம்மாள் சொல்லியிருந்தாள். கேழ்வரகுக் கூழ் கரைக்கச் சொன்னேன், போனாள்.

நான் செய்ததெல்லாம் ஆத்தாளுக்குச் செய்தது. இதில் வேறு ஒன்றும் இல்லை.

பங்குனி 22, வியாழன்

அந்தக் குட்டிக்கு உடம்பெல்லாம் முத்து போட்டிருக்கிறது. இளநீர் மட்டும் குடித்தது. மாடியில் படுக்க முடியாமல் நானும் அந்த அறையிலேயே பாய் போட்டேன்.

பங்குனி 29, வியாழன்

அந்தக் குட்டிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். மூக்கின் மேல் ஒரு தழும்பு நிற்கும். யாமினி திரும்பி வந்தாள், என்னோடு பேசவில்லை. "அவகிட்டயே இரு" என்றாள். மதியத்துக்கு மேல் பேசினாள்.

பவுனம்மாள் பிடித்துக்கொண்டாள். "பூவாடைக்காரிக்குக் கொற வெச்சீங்க. அதான் ஆத்தா வந்து ஞாபகப்படுத்திட்டுப் போறா. இப்பவாவது படையல் போடுங்க."

இந்தத் தரம் நான் மறுக்கவில்லை. யாமினியைக் கூட்டிக்கொண்டு போகும் முன்னால் இந்திராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போக வேண்டும். படையல் முடியட்டும், போய்விடலாம். யாமினியிடம் மட்டும் சொன்னேன். அவள் உடனே துணிப்பையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

சித்திரை 20, வெள்ளி

படையல் புடவை எடுக்க மாப்பிள்ளையோடு போனேன். கிளிப்பச்சை எடுத்தேன், சிவப்பு பார்டர். இந்திராணிக்கு அதுதான். வயசுக்கு வந்தபோதும் பச்சை, நிச்சயத்துக்கும் பச்சை, தீபாவளிக்கெல்லாம் பச்சை. கடைக்காரர் வேறு கலர் எடுத்துப் போட்டார். மாப்பிள்ளை அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பச்சையைக் கட்டச் சொன்னேன்.

வீட்டில் கஸ்தூரி பிரித்துப் பார்த்தாள். "நல்லா இருக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நானும் ஒண்ணு எடுத்து வெக்கட்டுமா?" என்றாள்.

"பூவாடைக்காரிக்கு ஒரு புடவதான்."

சித்திரை 27, வெள்ளி

கூடத்தில் மஞ்சள் மெழுகி, செம்பில் தண்ணீர் வைத்து, பூச்சுற்றிப் புடவையை மடித்து வைத்தோம். மாவிளக்கு, கொழுக்கட்டை, வடை, அவளுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு. மாப்பிள்ளை கற்பூரம் காட்டினார். நான் மனசுக்குள் இந்திராணியிடம் பேசிக்கொண்டிருந்தேன். உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

விழுந்து கும்பிட்டு எழும்போதுதான் கண்ணில் பட்டது. பச்சைக்கு அடியில் இன்னொரு புடவை. நாவற்பழக் கலர்.

"இது யாருக்கு?"

கஸ்தூரி முன்னால் வந்து நின்றாள். "அக்காவுக்கு."

"எந்த அக்காவுக்கு?"

"இந்திராணி அக்காவுக்குத்தான்."

"எம்பொண்ணுக்கு இன்னா கலரு புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்த" என்றார் மாப்பிள்ளை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்களுக்குத் தெரியுமா? அவ மூச்சுக்குத் தவிக்கையில பக்கத்துக் கட்டில்காரியப் பாத்து வெச்சீங்களே, உங்களுக்குத் தெரியுமா? எம்பேத்திய இந்த வூட்டுல வெக்க மாட்டன். இன்னிக்கே கூட்டிக்கினு போறன்."

"அண்ணி, புள்ளைங்கள மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் கஸ்தூரி. பவுனம்மாள் வாயைத் திறக்காமல் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாக்கல அத்த. அவதான் பாத்தா. இந்திராணிதான் இவங்களக் கேட்டா, எம்புருசனக் கட்டிக்கோங்கன்னு. இவங்க மாட்டேன்னாங்க. மறுபடி மறுபடி கேட்டா. நான் அந்த வார்டுக்கே போவாம வராண்டாவுல நின்னுக்கினு இருந்தன். கடசியா கூப்ட்டு இவங்க கையப் புடிச்சி எங்கையில வெச்சா. ஊசி ஏத்தியிருந்த கை."

"பொய்யி."

"உங்கள வர வேணாம்னு சொன்னதும் நான் இல்ல. அவதான்."

"ஏன்? நான் செத்துட்டனா? எம்பேத்திய வளக்க எனக்குக் கை இல்லயா?"

அவர் வாயெடுத்தார். கஸ்தூரி அவர் தோளைப் பிடித்தாள். "வேணாங்க. அத மட்டும் சொல்லாதீங்க. அக்கா ஏதோ வலியில சொன்னது."

அதைக் கேட்ட பிறகு நான் எப்படி விடுவேன்? "சொல்லுங்க மாப்ள."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்திராணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கம்மா எம்பொண்ண நல்லா சோறு போட்டு வளப்பாங்க. ஆனா யாரோடயும் ஒட்ட வுட மாட்டாங்க. அவங்க மனசுல ஏறினது எறங்கவே எறங்காது. யாமினியும் அப்பிடி ஆயிடுவா. எங்கம்மாகிட்ட மட்டும் அவள வுட்டுறாதீங்க."

கொழுக்கட்டையில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டேன். வடைத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

புடவை என்ன கதை என்று கஸ்தூரியிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லு என்றேன். "அக்காவுக்குப் பச்சையே ஆவாதாம். நீங்க ஆசயா எடுத்துத் தர்றீங்க, வேணாம்னா மனசுல வெச்சிக்குவீங்கன்னு பயந்து கட்டிக்குவாங்களாம். நாவப்பழக் கலர்ல ஒண்ணு கட்டணும்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

"வேற இன்னா சொன்னா?"

"வேற ஒண்ணும் இல்ல. உங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க."

அது பொய். இவளுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடுகிறது.

கீழே வந்த பவுனம்மாள், இலை போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். போடு என்றேன். எல்லாரும் சாப்பிட்டோம்.

சித்திரை 28, சனி

யாமினி தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

சித்திரை 30, திங்கள்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாமினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு சொன்னாள்: "சித்திரை இருவத்தேழு, அப்பா உன்ன எதுத்துப் பேசினாரு. ஆன்ட்டி நம்மள வெளிய அனுப்பினாங்க. நான் மறக்க மாட்டன் ஆயா. பெரியவளானாலும் மறக்க மாட்டன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். பதினோரு வயசுப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு உதடு.

"முறுக்கு இருக்குது, திங்கிறியா?" என்றேன்.

வைகாசி 6, ஞாயிறு

கிளம்பிவிட்டேன்.

யாமினி பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றாள். புது ரிப்பன் கட்டியிருந்தாள்.

"பைய உள்ள வெய்யி. நான் மட்டுந்தான் போறன்."

"எங்க?"

"ஓசூருக்கு. எம்மவன் வூட்டுக்கு. அங்க எம்பேரன் இருக்கறான்."

"அப்ப நானு?"

"நீ பொண்ணு வவுத்துப் பேத்தி. உங்கப்பன் வூட்டுப் புள்ள. எத்தினி நாளைக்கு உனக்கு ஆக்கிக் கொட்டிக்கினு ஒக்காந்திருப்பன்? எனக்கு அலுத்துப்போச்சி."

"தெள்ளாத்துக்குப் போலாம்னு சொன்ன."

"சும்மா சொன்னன்."

கஸ்தூரி கையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். படைத்த பச்சைப் புடவையை அவள்தான் கட்டியிருந்தாள். அந்தப் பச்சை அவளுக்கும் பொருந்தவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

யாமினி அழவில்லை. "வைகாசி ஆறு" என்றாள். "ஞாபகம் வெச்சிக்கறன்."

"வெச்சிக்கோ."

"உன்னோட பேச மாட்டன். எப்பவும் பேச மாட்டன்."

"பேசாத."

பை கீழே விழுந்தது. திரும்பிப் போய்க் கஸ்தூரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் புடவையில் புதைத்துக்கொண்டாள். "அவங்கள போவச் சொல்லு" என்றாள். என்னைத்தான் 'அவங்க' என்றாள். கஸ்தூரி ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை பொட்டலத்தை என் பக்கம் நீட்டியபடியே இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைக்குக் கோபம் வரட்டும் என்றுதான் சொன்னேன். வந்தது. என் மேல் வந்த மட்டும் நல்லது.

மாப்பிள்ளை வண்டியில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். "அத்த, இருந்திருக்கலாம்" என்றார். "உங்க பெண்டாட்டி சொன்னதச் செய்யறன்" என்றேன். எந்தப் பெண்டாட்டி என்று அவர் கேட்கவில்லை.

அழுதது அந்தக் குட்டி ஒன்றுதான். தெருமுனை வரை வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது.

வைகாசி 8, செவ்வாய், தெள்ளாறு

ஓசூருக்கு நான் போகவில்லை. போகிறதாகவும் இல்லை.

வீடு பூட்டியே கிடந்ததில் பெருச்சாளி தரையைத் தோண்டி வைத்திருக்கிறது. இரண்டு நாளாகக் கழுவினேன். கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்றினேன். எதிர்வீட்டு ராஜகுமாரி வந்து, "பேத்தி வரலயா பெரியம்மா?" என்றாள். பரீட்சை என்றேன். லீவிலா பரீட்சை என்று கேட்காமல் போனாள், நல்லவள்.

ஒரு உழக்கு அரிசிதான் போட்டேன். அதிலும் மிஞ்சியது.

உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பவுனம்மாளை விட்டுவிட்டேன், விரிசல் வளையல் அவளும் கடையில் ஏமாந்து வாங்கியதாக இருக்கும். தசரதனை விட்டுவிட்டேன், அவன் பெண்டாட்டியையும். மாப்பிள்ளை மேல் இனி எனக்கு ஒன்றும் இல்லை. கஸ்தூரி மேல் ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் தரம் மெட்ராஸுக்குப் போன அன்று, இந்திராணி கட்டிலில் ஒரு பக்கமாக ஒண்டிக்கொண்டு எனக்கு உட்கார இடம் விட்டாள். கால் வீங்கியிருந்தது. பிடித்துவிட்டேன். "பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சிதாம்மா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். அதைத்தான் கேட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். அம்மா, எம்பொண்ண உங்கிட்ட வுட மாட்டன், நீ இப்பிடிப்பட்டவ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். வார்டே கூடிவிடுகிற மாதிரி கத்தியிருப்பேன். கத்தி முடித்துவிட்டு, அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டிருப்பேன். கடைசியில் கேட்டிருப்பேன். அவள் என்னைக் கத்தக்கூட விடவில்லை. காலை மட்டும் என்னிடம் நீட்டிவிட்டு, பெற்றவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கேட்டபடி பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். கேட்டதைச் செய்தாயிற்று. ஆனால் மற்றவர்களை விட்டது போல் இவளை விட எனக்கு வரவில்லை, வராது. என் உயிர் இருக்கிற வரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். என் மகள் இந்திராணி.